ஆரஞ்சு போடாதே!

அன்று காலையிலிருந்தே நெலிதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பலகைக் குடிசைக்கும் புது வீட்டுக்கும் நடுவே கிடந்த முற்றத்தைக் காரணமில்லாமல் குறுக்கும் நெடுக்குமாக அளந்துகொண்டிருந்தாள். உப்பு எடுக்கப் போனவள் கத்தியோடு வந்தாள். கத்தியைத் திரும்ப வைக்கப் போனவள் பாதி வழியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். வீடு என்று சொல்ல இன்னும் சுவர் இல்லை, கதவு இல்லை. ஆனால் நேற்று மாலை கடைசிக் கைமரமும் ஏறிவிட்டது. குளிர்காலம் முடிகிற ஆகஸ்ட் கடைசியின் குளிர்ந்த வானத்துக்குக் கீழே புதுப் பைன் சட்டங்கள் மஞ்சளாக மின்னின. வேலியோரத்து ஆரோமோ மரங்களும் அதே மஞ்சளில் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தன.

கைமரம் ஏறிவிட்டால் வீட்டுக்காரர் தச்சர்களுக்கு முகட்டு விருந்து போட வேண்டும். இறைச்சி சுட வேண்டும், ஒயின் ஊற்ற வேண்டும், முகட்டில் நாட்டுக்கொடி பறக்க வேண்டும், கடைசி ஆணியை வீட்டுக்காரரே ஏறி அடிக்க வேண்டும். அதுவரை யாரும் ஒரு வாய் குடிக்கக் கூடாது. விருந்து போடாத கஞ்சர்களின் முகட்டில் தச்சர்கள் ஒரு கந்தல் பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டுப் போய்விடுவார்கள். கவ்கேனஸ் போகிற பேருந்திலிருந்து பார்த்தால்கூடத் தெரிகிற மாதிரி அது ஆடிக்கொண்டிருக்கும்.

"தோன்யா நெலிதா, பொம்மைக்குன்னு பழைய கால்சட்டை ஒண்ணு வண்டியில வெச்சிருக்கேன்" என்றார் தலைமைத் தச்சர் தோன் அமாதோர், தீயில் செருகியிருந்த ஆட்டுக்குட்டியைத் திருப்பிவிட்டபடி. "ஆட்டப் பாத்தா அதுக்கு வேலை இருக்காது போலிருக்கே."

"நீங்களே போட்டுக்கங்க தோன் அமாதோர். இப்போ போட்டிருக்கிறத விட அது நல்லாத்தான் இருக்கும்."

தோன், தோன்யா என்று மரியாதை வைத்தபடியே வாரிக்கொள்வதைக் கேட்டு அவருடைய ஆட்கள் இருவரும் கெக்கலித்தார்கள். அமாதோரின் மருமகன் லிசாந்த்ரோ மாமனார் பார்க்காத பக்கமாகத் திரும்பிச் சிரித்தான்.

நெலிதாவுக்கே ஆச்சரியமாக இருந்தது, இப்படி வாயாடுவது. காட்டுத் தீ பழைய வீட்டைக் கொண்டுபோன பிறகு இத்தனை வருடம் அந்தக் குடிசையில் ஒற்றை ஆளாகக் காலம் தள்ளியவள். பேச்சு குறைந்து, குறைந்த பேச்சே தன் சுபாவம் என்று நம்பத் தொடங்கியிருந்தாள். இன்று அது எங்கிருந்தோ ஊறி வந்தது.

தங்கை ரொக்சானா காரில் வந்து இறங்கினாள். ஒரு கையில் கொத்தமல்லிக் கட்டு, மறு கையில் ரொட்டிப் பை, வாயில் கார் சாவி.

"ஒயின் குடுவ கொண்டுவந்தியா?" என்று கேட்டாள் நெலிதா.

ரொக்சானா தலையை ஆட்டினாள்.

"குடிசைல பெஞ்சுக்கு அடியில வெச்சிடு. லிசாந்த்ரோ அங்கேருந்து எடுத்துப்பான். குளிருதுன்னு ஆரஞ்சு, சர்க்கரை போட்டுக் காய்ச்சப் போறாங்களாம்."

"வெக்கறேன், வெக்கறேன். மொதல்ல இதச் சொல்லு." சாவியை வாயிலிருந்து எடுத்தாள். "நாளைக்கு டேங்கர் எத்தன மணிக்கு?"

"காலைல வரும்."

"மூணு பீப்பாயும் குடுத்துடப் போற?"

"பேசி முடிச்சாச்சு, ரொக்சி."

"ஒரு தடவகூட எனக்கு ஒரு வாய் குடுக்கல நீ."

"அது இன்னும் குடிக்கிற பருவத்துக்கு வரல."

"எது வந்திருக்கு உனக்கு?" என்று சொல்லிவிட்டு ரொக்சானா கொத்தமல்லியையும் மிளகாயையும் நறுக்கிச் சட்னி அரைக்க உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கேள்வி நெலிதாவுக்குச் சுருக்கென்று தைத்தது. ரொக்சானா பள்ளிக்கூட டீச்சர். போகிற போக்கில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கத் தெரிந்தவள்.

விஷயம் இதுதான். கொல்லைச் சரிவில் இருந்த கரின்யான் திராட்சைக் கொடிகளைத் தீ கருக்கிவிட்டுப் போயிருந்தது. வேர் ஆழமாக இருந்ததால் அவை மறுபடி துளிர்த்தன. ஒவ்வொரு வருடமும் காய்த்ததை அப்படியே கூடையாக ஆலைக்கு விற்றுவந்தவள், போன வருட அறுவடையில் முதல் முறையாக விற்கவில்லை. தானே மிதித்தாள், தானே பொங்க வைத்தாள், பழைய பீப்பாய் மூன்றை வாங்கி நிரப்பினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. நொதிக்கும் பழத்தின் மூச்சைக் கேட்டபடி அந்த இலையுதிர் காலம் முழுக்க ஓலைப்பாயில் அதன் பக்கத்திலேயே படுத்திருந்தாள். அது மட்டும் தெரியும்.

பிறகு ஆற்றுக்கு அப்பாலிருக்கும் பெரிய ஒயின் ஆலையிலிருந்து ஓர் ஆள் வந்தார். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, தரையில் துப்பினார். "எங்க ஒயினுக்கு நல்ல சதை இருக்கு, தோன்யா. எலும்புதான் இல்ல. உங்களோடது எலும்பு. மூணையும் குடுத்துடுங்க, கலந்துக்கறோம்" என்றார். மரியாதையான மனிதர். விலையும் மரியாதையான விலை. கூரைத் தகரம் அந்தப் பணத்தில்தான் வர வேண்டும். நெலிதா தலையாட்டினாள். அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் கொடிகளுக்கு நடுவே நடக்கும்போது, எலும்பு என்று ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டால் அது இருந்த இடத்தில் என்ன இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. அதை அப்போதே ஓரமாக வைத்துவிட்டாள். ஓரமாக வைப்பதில் அவள் தேர்ந்தவள்.

அந்த ஆள் துப்பிய வாயைத் தவிர வேறு எந்த வாயும் அந்த ஒயினைத் தொட்டதில்லை. அவள் மட்டும் எப்போதாவது, பீப்பாயிலிருந்து நேராக, ஒரு மிடறு. கெட்டித் துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்கும். உள்ளே வேறு என்னவோ இருப்பது தெரியும். தெரியும் முன் வாய் வறண்டுவிடும். பத்து வருடம் போக வேண்டும் என்று சொல்லிக்கொள்வாள். அது உண்மைதான். அதைச் சொல்லிக்கொள்வதில் கிடைத்த நிம்மதி மட்டும் அவளுக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஞாபகத்துக்கென்று சில பாட்டில்களைக் கழுவி நிரப்பி, தக்கை அடித்து, பெஞ்சுக்கு அடியில் கடைசி மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தாள்.

"தோன்யா, ஒயின் எங்க இருக்கு?" லிசாந்த்ரோ பெரிய எனாமல் பானையைக் கழுவிக் கவிழ்த்தபடி கேட்டான்.

"குடிசைல, பெஞ்சுக்கு அடியில" என்றாள் நெலிதா. ரொக்சானா குடுவையை வைத்துவிட்டாள் என்றே நினைத்தாள்.

மேலே நாட்டுக்கொடி தகராறு செய்துகொண்டிருந்தது. அமாதோரின் ஆட்கள் கம்பத்தை முகட்டில் அறைந்து கொடியை ஏற்றினார்கள். காற்று விரித்தது. கீழே நின்ற எல்லோரும் கை தட்டினார்கள். அமாதோர் மட்டும் தட்டவில்லை.

"டேய், நட்சத்திரம் எங்கடா இருக்கு?"

"நீலத்துலதான் இருக்கு."

"நீலம் எங்கடா இருக்கு?"

நீலம் கீழே இருந்தது. தலைகீழாகக் கட்டியிருந்தார்கள்.

"எறக்குங்கடா! போலீஸ்காரன் ரோட்டுல போனா என்னத்தான் பிடிப்பான். கெழடுகளக் கொண்டுபோற ஆகஸ்டத் தாண்டிட்டோம்னு இப்பத்தான் மூச்சு விட்டேன், ஜெயிலுக்கு அனுப்பப் பாக்கறீங்க."

இறக்கினார்கள். முடிச்சு இறுகிக்கொண்டது. ஒருவன் பல்லால் கடித்து அவிழ்த்தான். மறுபடி கட்டினார்கள், இந்த முறை கயிறு கப்பியில் சிக்கியது. காற்று முற்றத்தில் சாம்பலையும் ஆரோமோ பூந்துகளையும் கிளப்பியது. ஆட்டுக்குட்டியிலிருந்து கொழுப்பு தீயில் சொட்டிச் சீறியது. பசியில் எல்லோரும் எல்லோரையும் திட்டினார்கள். யாருக்கும் கோபமில்லை. நெலிதா சிரித்துச் சிரித்து விலாவைப் பிடித்துக்கொண்டாள். கடைசியாக வெள்ளை நட்சத்திரம் மேல் மூலையில் சரியாக வந்து நின்றபோது, வெகு நேரம் போயிருந்தது.

"இப்ப வீட்டம்மா ஏறணும்!" என்று கத்தினார் அமாதோர்.

நெலிதா ஒவ்வொரு கட்டையாகப் பார்த்துப் பார்த்து ஏணியில் ஏறினாள். உச்சியில் விட்டத்தின்மேல் காலைப் பரப்பி உட்கார்ந்தாள். இதுவரை அந்த உயரத்திலிருந்து தன் நிலத்தை அவள் பார்த்ததில்லை. சரிவில் கவாத்து முடிந்த கொடிகள் குட்டையாக, கறுப்பாக, பிடிவாதமாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் எரிந்துபோய் மறுபடி பச்சை கட்டிய மலை. இதெல்லாம் என்னுடையதா என்று ஒரு சிறுபிள்ளைத்தனமான கேள்வி. அதற்கு யாரோ ஆமாம் என்று சொன்ன மாதிரி நெஞ்சு விம்மியது.

பின்னாலேயே ஏறி வந்த அமாதோர் ஆணியை நிறுத்திப் பிடித்துச் சுத்தியலைக் கொடுத்தார். "என் விரல விட்டுட்டு அடிங்க."

ஓங்கி ஒன்று. ஆணி நின்றது. இன்னொன்று. பாதி இறங்கியது. மூன்றாவதற்குக் கையை ஓங்கியபோதுதான் கண் கீழே போனது.

முற்றத்து மேசையில் எனாமல் பானை திறந்தபடி இருந்தது. நுரையில்லாத, கறுத்த சிவப்பு, விளிம்புவரை. பக்கத்தில் காலிப் பாட்டில்கள் வரிசையாக. வெயில் பட்டு மின்னிய அந்தப் பச்சைக் கண்ணாடியை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. ஒவ்வொன்றையும் குளிர்ந்த நீரில் தேய்த்துக் கழுவியது அவள் கைதான். லிசாந்த்ரோ ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஓர் ஆரஞ்சைப் பானைக்கு மேல் பிடித்துக் கத்தியை வைத்தான். பக்கத்தில் சர்க்கரை, இலவங்கப்பட்டை, மூட்டத் தயாராக விறகு.

"லிசாந்த்ரோ! ஆரஞ்சு போடாதே!"

அவன் அண்ணாந்தான். "ஆரஞ்சு இல்லாம எப்படிக் காய்ச்சறது தோன்யா?"

"காய்ச்சாதே! சர்க்கரையத் தொடாதே! ரொக்சி, அவன் கையப் பிடி! அது என் ஒயின்!"

ரொக்சானா குழவியைப் போட்டுவிட்டு ஓடினாள். லிசாந்த்ரோ கத்தியையும் ஆரஞ்சையும் தலைக்குமேல் தூக்கிச் சரணடைந்தவன்போல் நின்றான்.

என் ஒயின். அந்த வார்த்தை முற்றத்தின் மேல் அப்படியே நின்றது. இவ்வளவு நாளில் அதை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. பழம், பீப்பாய், சரக்கு என்றெல்லாம் சொல்லியிருக்கிறாள். இப்போது கூரை உச்சியில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கும்படி.

ஏணியில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"குடுவை என் கார் டிக்கியிலதான் இருக்கு" என்றாள் ரொக்சானா, முகம் வெளிறி. "கனமா இருந்துச்சு, அப்புறம் எடுத்துக்கலாம்னு. பேச்சுல மறந்தே போயிட்டேன், நெலி."

"லேபிள் இல்லியே தோன்யா" என்றான் லிசாந்த்ரோ பரிதாபமாக. "லேபிள் இல்லாத பாட்டில்னா எங்க வீட்ல ஆரஞ்சுக்குத்தான். பெஞ்சுக்கு அடியிலன்னு வேற சொன்னீங்க. எல்லாத்தையும் தொறந்து அப்பவே ஊத்திட்டேன்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டிலும் லேபிள் இல்லாத பாட்டிலுக்கு வேறு மரியாதை கிடையாது. அவனைக் கோபித்துக்கொள்ள முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நெலிதாவுக்கு வந்தது கோபமில்லை. ஒளித்து வைத்ததை எல்லோர் முன்னாலும் பிடித்துவிட்டார்களே என்ற கூச்சம்.

அமாதோர் மெதுவாக இறங்கி வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"நீங்களே செஞ்சதா?"

"ஆமா."

"வீட்ல இத வெச்சுக்கிட்டு எங்களுக்குக் கடைக் குடுவையா?" திரும்பினார். "டேய், வண்டியிலேருந்து அந்தக் கால்சட்டைய எடுங்கடா!"

எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். நெலிதாவின் காது மடல் சூடாகியது.

"கஞ்சத்தனம் இல்ல தோன் அமாதோர். இது ரொம்ப எளசு. இப்பக் குடிச்சா வாயப் பிடிச்சு இழுக்கும். பத்து வருஷம் போனாத்தான் இது என்னன்னு தெரியும்."

"பத்து வருஷமா?" அமாதோர் விரல்களை மடக்கிப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். "எனக்கு எழுபத்தொண்ணு. ஒவ்வொரு ஆகஸ்டையும் இந்தத் தடவ தாண்டுவேனான்னு எம் பொண்டாட்டி பந்தயம் கட்டறா. இன்னும் பத்து ஆகஸ்டுக்கு நீங்க கேரண்டி குடுப்பீங்களா?"

"செவுரே இல்லாத வீட்டுக்கு விருந்து போடறோம்" என்றான் லிசாந்த்ரோ, ஆரஞ்சை இன்னும் கீழே வைக்காமல். "பத்து வருஷம் ஆகாத ஒயினக் குடிச்சா என்ன ஆயிடும்?"

அவன் வேடிக்கையாகச் சொன்னதுதான். நெலிதா திரும்பி அந்தச் சட்டங்களைப் பார்த்தாள். சுவர் வரட்டும், அப்புறம் கொண்டாடலாம் என்று இங்கே யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை. காலையிலிருந்து பித்துப் பிடித்தவள்போல் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீயில் போன பழைய வீட்டின் அலமாரியில், பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு புதுப் படுக்கை விரிப்புகள் இருந்தன. நல்ல நாளுக்கென்று வைத்தவை. சாம்பலில் தேடியபோது அவற்றுக்குத்தான் முதலில் அழுதாள். அழுது முடித்த வருடமே குடிசைக்குப் புது விரிப்பு வாங்கி, அதையும் உறை பிரிக்காமல் பெட்டிக்குள் வைத்தாள். தீகூட அவளுக்கு எதையும் கற்றுக் கொடுக்கவில்லை என்பது இப்போது கரண்டியைத் தேடும்போது அவளுக்குத் தெரிந்தது. சிரிப்பு வந்தது.

"குவளைய நீட்டுங்க" என்றாள்.

சூப் கரண்டியால் மொண்டு ஊற்றினாள். முதலில் அமாதோருக்கு, அவர் ஆட்களுக்கு, ரொக்சானாவுக்கு, லிசாந்த்ரோவுக்கு. கடைசியாகத் தனக்கு. கொஞ்சம் சிந்தியது. மேசைப் பலகையில் விழுந்த துளி மையைப்போல் ஊறியது.

லிசாந்த்ரோ மடக்கென்று குடித்தான். முகம் கோணியது, கண் சுருங்கியது.

"ஐயோ! பள்ளிக்கூடத்துல சீமைமாதுளங்காயச் செவுத்துல அடிச்சு நசுக்கி உப்புத் தொட்டுத் திம்போமே, அதுதான் இது. பத்து இல்ல தோன்யா, இருபது வருஷம்! ரொக்சானா டீச்சர், கொஞ்சம் கோலா இருந்தா ஊத்துங்களேன்."

"கோலா ஊத்தின, உன்ன மூலைல நிக்க வெச்சுடுவேன்" என்று கைத்துண்டால் அவன் முதுகில் அடித்தாள் ரொக்சானா.

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்க, நெலிதா அமாதோரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஆட்டின் விலாவிலிருந்து ஒரு துண்டைக் கத்தியால் வெட்டினார். கொழுப்பு வழிய மென்றார். விழுங்குவதற்கு முன் இன்னொரு வாய் குடித்தார். மென்றுகொண்டிருந்த தாடை நின்றது.

"லிசாந்த்ரோ."

"என்ன மாமா?"

"கறியத் தின்னுட்டுக் குடிடா."

அவன் தின்றான், குடித்தான். குவளைக்குள் எட்டிப் பார்த்தான். யாராவது மாற்றிவிட்டார்களா என்பதுபோல் பானையையும் பார்த்தான்.

நெலிதா தன் குவளையை எடுத்தாள். முதலில் முகர்ந்தாள். பீப்பாயில் எப்போதும் கிடைக்கும் மர வாசனையும் மூடிக்கிடக்கும் கசப்பும் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கொடித் தகராறு நடந்த நேரமெல்லாம் அந்த அகன்ற பானையில் காற்றாடக் கிடந்திருக்கிறது. காட்டோரத்தில் பறித்தால் கை, உதடு எல்லாம் நீலமாகும் மாக்கிப் பழத்தின் வாசனை எழுந்தது. நனைந்த மண். கசக்கிய போல்தோ இலை. எங்கேயோ அடியில், மிக மெல்லியதாக, அணைந்த தீயின் மணம்.

குடித்தாள். துவர்ப்பு இருந்தது. பல்லின் ஓரம்வரை வந்து இறுக்கிப் பிடித்தது. இவ்வளவு நாள் அவள் அங்கேயே நின்றுவிட்டவள். இன்று நிற்காமல் காத்திருந்தாள். ஒரு துண்டுக் கொழுப்பு, ஒரு மிடறு. பிடி தளரவில்லை. ஆனால் அந்தப் பிடிக்குள்ளே பழம் விரிந்தது. இனிப்பில்லாத, கறுத்த, நீண்ட சுவை. விழுங்கிய பிறகும் போக மறுத்தது. இதற்கு வயது தேவைதான், பத்து வருடத்தில் இது வேறொன்றாக ஆகும். அதற்காக இன்று இது ஒன்றுமில்லாதது அல்ல. இன்றைக்கு இதுதான் இது. அதன் வாய் நிறைய இளமை, அவசரம், முரட்டுத்தனம். நெலிதாவுக்குத் தன்னையறியாமல் கண் நிறைந்தது. இவ்வளவு பிடிவாதமான ஒன்றை நானா செய்தேன்!

"நெலி" என்றாள் ரொக்சானா. அவள் குரல் மாறியிருந்தது. "இதையா நீ பேரில்லாமக் குடுக்கப் போற?"

"இன்னொரு கரண்டி" என்று குவளையை நீட்டினார் அமாதோர். "பத்து வருஷம் கழிச்சு இது எப்படி இருக்கும்னு பாக்காம நான் சாகறதா இல்ல. எம் பொண்டாட்டி பந்தயத்துல தோத்தா நான் பொறுப்பில்ல."

"நானும் வருவேன்" என்றான் லிசாந்த்ரோ வாய் நிறையக் கறியோடு. "அன்னிக்கும் ஆரஞ்சு கொண்டு வரேன். சும்மா, பயமுறுத்த."

ரொக்சானாவின் சட்டைப் பையில் கைபேசி அலறியது. நெலிதாவுடையதுதான், மேலே ஏறும்போது அவளிடம் கொடுத்திருந்தாள். ரொக்சானா திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆலைக்காரர். நாளைக்கு லாரியப் பத்தி இருக்கும். என்ன சொல்லட்டும்?"

எல்லோரும் நெலிதாவைப் பார்த்தார்கள். அவள் நாக்கு தானாகவே, அப்புறம் பேசறேன்னு சொல்லு, என்று சொல்லப் போனது. அந்த வார்த்தைகள் பல்லுக்குப் பின்னால் தயாராக நிற்பதை அவளே உணர்ந்தாள்.

"தோன்யா" என்றார் அமாதோர் மேலே பார்த்தபடி. "அவரு இருக்கட்டும். முறை தப்பிக் குடிச்சிட்டோம், ஆணி பாதியில நிக்குது."

நிமிர்ந்து பார்த்தாள். முகட்டு விட்டத்தில் ஆணித்தலை வெயிலில் பளபளத்தது. அதன் பக்கத்தில் அவள் போட்டுவிட்டு ஓடிவந்த சுத்தியல்.

நெலிதா ஓடினாள். இந்த முறை கட்டைகளைப் பார்க்கவில்லை. மூன்றாவது கட்டையில் பாவாடை சிக்கியது. இழுத்து விடுவித்துக்கொண்டு ஏறினாள். உச்சியில் உட்கார்ந்து சுத்தியலை எடுத்தாள். வாய்க்குள் இன்னும் அந்தச் சுவை இருந்தது. கீழே ரொக்சானா கைபேசியைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்திருந்தாள். அது விடாமல் அலறிக்கொண்டிருந்தது.

"எடு!" என்று கத்தினாள் நெலிதா. "ரெண்டு பீப்பாய்தான்னு சொல்லு!"

"மூணு பேசியிருக்கே! மூணாவது என்னாச்சுன்னு கேட்டா?"

"அது என் வீட்ல இருக்கும்னு சொல்லு! பேரு வெச்சு நானே பாட்டில்ல அடைக்கப் போறேன்னு சொல்லு!"

"கூரைக்குத் தகரம்?" என்று கீழேயிருந்து கேட்டார் அமாதோர்.

"சாப்பாட்டு அறைக்கு மேல அப்புறம் போடுவோம்! அடுத்த மழைக்கு நாள் இருக்கு! அதுவர வானத்தப் பாத்துக்கிட்டுச் சாப்பிடறேன்!"

ரொக்சானா கைபேசியைக் காதில் வைத்தாள். டீச்சர் குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, பேசத் தொடங்கினாள். நெலிதா கையை ஓங்கி அடித்தாள். ஒரே அடியில் ஆணி மரத்தோடு மரமாக இறங்கியது. கீழே கை தட்டினார்கள், சீட்டியடித்தார்கள். தலைக்குமேல் கொடி காற்றில் அறைந்தது.

மேலேயிருந்து எல்லாம் தெரிந்தது. கொடிகள், மலை, ஆறு. யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் பானையைச் சாய்த்து அடியில் இருந்ததையெல்லாம் தன் குவளைக்குள் வடித்துக்கொண்டிருந்த லிசாந்த்ரோ.

"டேய்!" என்று கத்தினாள் நெலிதா, சிரிப்பில் விட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. "எனக்கும் மிச்சம் வை!"